ஜும்ஆ நேரத்து மேய்ச்சல்

"வெட்டத்தான் போறேன். கத்திய எங்க ஒளிச்சு வெச்சீக்கிறீங்க, எடுத்துத் தாங்க..."

"நான் ஏன் ஒளிக்கிற? கத்தி கெடச்சாலும் அதுல ஒரு எலயில கை வெக்க..."

"ரெண்டு நாளா வாழ மட்டயச் சப்பிக்கிட்டு நிக்கிது, வாயில்லாத சீவன்..."

"...வெக்க விட மாட்டேன் என்டு சென்னேன். காது கேக்குதா மஸாஹிரா?"

"எனக்கிக் கேக்குது. பூந்தி கத்துறது ஒங்களுக்குக் கேக்குதா?"

பின்கட்டிலிருந்து பூந்தி அந்த நேரம் பார்த்து ஒரு சத்தம் போட்டது. தவிட்டு நிறத்தில் மஞ்சள் புள்ளி விழுந்த பசு. புள்ளியைப் பார்த்து வைத்த பெயர்தான் பூந்தி. கன்று போட இன்னும் ஒன்றரை மாதம். வயிறு மட்டும் பெரிதாக, முதுகெலும்பு துணி காயப்போடலாம் போலத் துருத்திக்கொண்டு நின்றது.

அவளுடைய புருசன் முனாப் காதைப் பொத்தவில்லை. ஆனால் முகத்தைக் கூண்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். கூண்டில் ஆறு லவ் பர்ட்ஸ். சண்டை நடக்கும் வீட்டில் அவருக்கு ஆறுதல் அவைதான்.

அம்பிட்டிய மேட்டில் மழை விழுந்து நாற்பத்தெட்டு நாள். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் காலையில் ஒரு மணி நேரம். ரோட்டோரத்து கினிப்புல் காய்ந்து தும்புத்தடித் துடைப்பம் போல ஆகிவிட்டது. மாட்டுக்கென்று நட்டு வளர்த்த சீஓ த்ரீ புல் நுனியில் தொடங்கி அடிவரை வைக்கோலாகி நின்றது. பலா இலை, முள்முருங்கை இலை என்று எட்டிய கிளையெல்லாம் ஒடித்தாயிற்று. வீட்டுக்குப் பின்னால் பதினைந்து பேர்ச் கல்லு நிலத்தில் ஒன்றே ஒன்று மட்டும் ஒன்றும் நடக்காதது போலப் பச்சையாய், நெஞ்சளவு உயரத்தில் நின்றது. முனாபுடைய கம்பு.

அதை அவர் விதைத்தார் என்று சொல்ல முடியாது. கண்டி டவுனில் வாங்கிய குருவித்தீனியில் வண்டு விழுந்துவிட்டதென்று மார்கழிக் கடைசியில் பாதிப் பையைப் பின்பக்கம் கொட்டினார். அதற்குப் பிறகு மூன்று நாள் மழை. நாலாம் நாள் முளை. த்ரீவீலர் ஓட்டுகிற மனிதர், ஒரு மிளகாய்க் கன்றுக்குக் கூடத் தண்ணீர் ஊற்றி அறியாதவர், அந்த முளையைப் பார்த்து என்ன கண்டாரோ, மண்வெட்டியை எடுத்துக் கொத்தி, மிச்சத் தீனியையும் நிலம் முழுக்க வீசினார். தை மாதம் மாடு பார்க்க வந்த மங்களேஸ்வரி மிஸ்தான் அதற்குப் பெயர் சொன்னார். மிருக வைத்திய அலுவலகத்தில் வேலை, ஊர் யாழ்ப்பாணம்.

"உது கம்பு எல்லோ! கண்டிப் பக்கம் ஆரும் விதைச்சு நான் காணேல்லை. தண்ணி கேக்காத பயிர். தானியம் மனுசருக்கு, தட்டை மாட்டுக்கு. நீங்கள் வச்சிருக்கிற சீஓ த்ரீ புல்லு இருக்கெல்லே, அதுக்கு இதுதான் தாய். நேப்பியர் புல்லு தகப்பன்."

"அப்ப பூந்தி இவ்வளவு நாளும் இதுட புள்ளயத்தான் தின்டீக்கி" என்றார் முனாப்.

அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த வெள்ளி பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு முறை போட்டார்கள். முப்பது நாளுக்கும் முப்பது வீடு; வசதியில்லாதவர்கள் இரண்டு மூன்று பேராய்ச் சேர்ந்து ஒரு நாளை எடுப்பார்கள். வருசா வருசம் முனாப் யாருடையதோ ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு. இந்த வருசம் எழும்பி நின்றார். "இருவத்தேழாம் நோம்புக் கஞ்சி முழுசும் என்ட. அதுவும் என்ட காணியில வெளஞ்ச கம்புல." ஊர் திரும்பிப் பார்த்தது. பள்ளி நிர்வாகத்து நபீல் ஹாஜியார், தொழுமுன் கைகால் கழுவும் ஹவ்ளுக்குப் பக்கத்துப் பலகையில் எழுதினார்: 27 - முனாப் - கம்பங்கஞ்சி. அந்தப் பலகையை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட, அக்குரணையில் கட்டிக்கொடுத்த மகள் ஷஹ்மா வரை போய்ச் சேர்ந்தது.

இப்போது மாட்டுக்குத் தீனி இல்லை. முனாபுக்கு அதற்கும் வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்டு வியாபாரி லொறியோடு வருகிறார்.

"மழைக்குப் பொறகு வேற மாடு பாப்போம்" என்றார்.

"வேற புருசனும் பாப்போம்" என்றாள் மஸாஹிரா.

பூந்தி கன்றாக இருக்கும்போதே தாய் செத்துப்போனது. போத்தலில் பால் புகட்டி, குளிருக்குச் சாக்குப் போர்த்தி வளர்த்தவள் அவள். முனாபுக்கு அது தெரியாதென்றில்லை. ஆனால் பலகையில் பெயர் எழுதிய மனிதருக்குப் பலகைதான் கண்ணில் நிற்கும்.

மறுநாள் வியாழக்கிழமை. பால் எடுக்கிற ஜீவன் மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் தொங்க வந்து நின்றான். ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பெடியன், முப்பது வயசு. பூந்திக்குப் பால் வற்றி ஒரு மாதமானாலும், போகிற வழியில் ஒரு பிளேன்டீக்கு நிற்பான். அன்று சீட்டின் பின்னால் ஒரு சின்னக் கட்டுப் புல்.

"அக்கா, இது எங்க மலையில ஓடக்கரையில அறுத்தது. இதுக்கு மேல இல்ல. தோட்டத்துல மாடு வச்சிருக்கவங்க இதுக்கே அடிச்சிக்கிறாங்க."

"அல்லாஹ் ஒங்களுக்கு நெறயத் தரட்டும் தம்பி."

"பின்னால இம்புட்டுப் பச்ச நிக்குது, நீங்க ஏங்க எங்கிட்ட வாங்குறீங்க?"

"அது மாட்டுக்கில்ல. பள்ளிக்கி."

"பள்ளி திங்கப் போகுதா?"

உள்ளேயிருந்து முனாப், "ஜீவன், டீய குடிச்சிட்டு நடய கட்டு" என்றார்.

அவன் போகுமுன் மங்களேஸ்வரி மிஸ் குடையோடு ஏறி வந்தார். பூந்தியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"கண்டு நல்லா நிக்குது. தாய்தான் எலும்பாப் போச்சுது. இப்பிடியே விட்டா கண்டு போடேக்க எழும்ப மாட்டுது, சொல்லிப்போட்டன்." பின்பக்கம் கையை நீட்டினார். "உதை வெட்டிக் குடுங்கோவன்."

"கதிர் வர இன்னும் மூணு கெழமதான் மிஸ்" என்றார் முனாப், கதவுநிலையில் நின்றபடி.

"அடியோட வெட்டச் சொல்லேல்லை. அடியில ஒரு முழம் விட்டிட்டு மேலால வெட்டுங்கோ. திரும்பத் துளிர்க்கும், கதிரும் போடும். வறட்சியில நிண்ட பயிரிண்டை அடித்தண்டை மாட்டுக்குக் குடுக்கவும் கூடாது. அதிலை தான் நஞ்சு சேர்ந்திருக்கும். முதல் நாள் கொஞ்சம், வேற தீனி வயித்திலை இருக்கேக்க குடுங்கோ. பிறகு பழகிடும்."

மிஸ்ஸின் குடை வளைவில் மறையும் வரை முனாப் காத்திருந்தார்.

"மிஸ் மாட்டுட ஆளு. மாட்டுக்கித்தான் பேசுவாங்க. வெட்டின பயிர் கதிர் போடுமா? வெட்டின தலை முளைக்குமா?"

"தல முளைக்காது. தலமயிர் முளைக்கும்தானே?"

முனாபின் கை அவரை அறியாமல் சொட்டைத் தலைக்குப் போனது. 

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கென்று முனாப் குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, அத்தர் பூசினார். பூந்தி இழுத்து இழுத்து கயிற்றை நெகிழ்த்தி வைத்திருந்ததைப் பார்த்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். இளவயதில் மாத்தளை லொறியில் சாமான் கட்டிய மனிதர். ஒரு முடிச்சுப் போட்டு, அதன்மேல் இன்னொன்று போட்டு, நுனியை உள்ளே விட்டு இறுக்கினார்.

"ஜின்னு வந்தாலும் இத அவுக்க ஏலாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பாங்கு சொல்லி முடிந்தது. ஒழுங்கையில் ஆண் குரல் ஒன்றும் இல்லை. மஸாஹிரா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். கத்தி என்று வீட்டில் மிச்சம் இருந்தது அந்த வெங்காயக் கத்தி மட்டும்தான். அதால் கம்பு வெட்டுவதென்றால் பெருநாள் வந்துவிடும். புல் வெட்டுகிற கத்தி த்ரீவீலர் சீட்டுக்கு அடியில் பள்ளிக்குப் போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பூந்தியின் வாயில் பல் இருக்கிறது என்றும் தெரியும்.

முதலில் ஜீவன் கொண்டுவந்த புல்லில் மிச்சத்தையும் பலா இலையையும் போட்டாள். வேறு தீனி வயிற்றில் இருக்க வேண்டுமென்று மிஸ் சொன்னது நினைவில் இருந்தது. பூந்தி தின்று முடித்ததும் முடிச்சில் கை வைத்தாள். நகம் உடைந்தது. பல்லால் இழுத்தாள், கயிறு சாணி மணத்தது. "ஜின்னுக்கு ஏலாட்டிப் போகட்டும்" என்று குசினிக்கு ஓடி, அகப்பையை எடுத்து வந்து அதன் காம்பை முடிச்சுக்குள் நுழைத்து நெம்பினாள். ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாம் தரம் முடிச்சு பெருமூச்சு விட்டது போலத் தளர்ந்தது.

கயிற்றைக் கட்டையாகப் பிடித்துக்கொண்டு கல்வரம்போரம் நடத்தினாள். "மேலால, மேலால. குனியாதே கழுத. அடியில வாய் வெச்சா கன்னத்துல போடுவேன்." பூந்தி முதல் வாயைத் தின்றுவிட்டு நின்றது. காது இரண்டும் முன்னுக்கு வந்தன. பிறகு சரக், சரக் என்று சத்தம். இத்தனை நாளும் காய்ந்த மட்டையைச் சப்பிய வாயிலிருந்து பச்சைச் சாறு வழிந்தது. மஸாஹிராவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கையிரண்டும் கயிற்றில் இருந்ததால் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"தின்னு மகள். தொழ முந்தி ஹுத்பா நீட்டித்தான் ஓதுவாங்க."

கை விரித்து அளந்தால் நாலு பாகம் நீளம் தின்றிருக்கும். பள்ளியில் தொழுகை முடித்து ஸலாம் கொடுக்கிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. போதும் என்று இழுத்தாள். பூந்தி வர மறுத்தது. ஒழுங்கையில் த்ரீவீலர் இருமியது. கயிற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

"யா அல்லாஹ்! மஸாஹிரா! மாடு! மாடு!"

"என்னா, என்னா?" என்று ஓடினாள். கண்ணில் வெங்காயக் கண்ணீர் வேறு.

முனாப் கல்வரம்பில் வெள்ளைச் சாரத்தோடு நின்றார். பூந்தி அவரைப் பார்த்து அசைபோட்டது.

"என்ட கம்பு! என்ட இருவத்தேழாம் நோம்பு!"

"கயிறு அவுந்துட்டுது போல" என்றாள் மஸாஹிரா. சொன்ன குரல் அவளுக்கே பக்கத்து வீட்டுக் குரலாக இருந்தது.

முனாப் கயிற்றைக் கையில் எடுத்தார். அறுந்திருக்கவில்லை. நுனியைப் பார்த்தார். தின்ற இடத்தைப் பார்த்தார். எல்லாத் தட்டையும் முழங்காலுக்கு மேலே ஒரே மட்டத்தில், சலூனில் வெட்டியது போல நின்றது. மிதிபட்டது ஒன்றுகூட இல்லை. மாட்டைத் தொழுவத்துக்குக் கொண்டுபோனார். உள்ளே கொஞ்ச நேரம் நின்றார்.

பின்னேரம் குழம்பு கிண்டப் போகும்போதுதான் மஸாஹிராவுக்கு நினைவு வந்தது. அகப்பை தொழுவத்தில் அல்லவா கிடக்கிறது! திரும்பிப் பார்த்தாள். குசினியில் தன் ஆணியில் தொங்கியது. அந்த ஓட்டத்தில் தானே கொண்டுவந்து மாட்டியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து முனாப் அவளோடு பேசவில்லை. பேச வேண்டியதைப் பூந்தியிடம் பேசினார்.

"பூந்தி, எனக்கிச் சோத்துக்கு உப்புக் காணாது என்டு செல்லு."

"பூந்தி, உப்பு மேசயில ஈக்கி என்டு ஒன்ட வாப்பாவுக்குச் செல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் லொறி வந்து ஒழுங்கை முனையில் ஹோர்ன் அடித்தது. மஸாஹிரா தொழுவத்து வாசலில் போய்க் குந்திக்கொண்டாள். எழும்புவதில்லை என்ற முடிவு. முனாப் மட்டும் இறங்கிப் போனார். அவருடைய குரல் மேட்டுக்குக் கேட்டது.

"இல்ல நானா, விக்கிற இல்ல. என்ட இருவத்தேழாம் நோம்பு அதுட வயித்துக்குள்ள ஈக்கி. அதயும் சேத்து ஒங்களுக்குத் தரவா?"

லொறி போன சத்தம். அவர் ஏறி வந்தார். த்ரீவீலர் சீட்டைத் தூக்கினார். புல்லுக் கத்தியை எடுத்து வந்து தொழுவத்து வாசலில் வைத்தார்.

"பூந்தி, செல்லு. ஒரு பக்கத் தாடிய வழிச்ச ஆளு மத்தப் பக்கத்த வெச்சிக்கிட்டு என்ன செய்யிற? காணிட மேல் பாதிய முதல்ல வெட்டட்டும். அடியில ஒரு முழம் விட்டு."

மஸாஹிரா வெட்டினாள். காலையில் ஒரு கட்டு, பின்னேரம் ஒரு கட்டு. ஆறேழு நாளில் மேல் பாதி முடிந்தது, பிறகு கீழ்ப் பாதி. பூந்தியின் முதுகெலும்பு மெல்ல மெல்ல மறைந்தது. வெட்டின இடம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. மொட்டைத் தட்டைகள் வெயிலில் நின்றன. வானத்தில் ஒரு மேகம் இல்லை. "மிஸ் சென்னது பொய்யாப் போனா நான் எங்க முழிக்கிற" என்று அவள் நபீல் ஹாஜியாரின் பலகையை நினைத்துக் கலங்கினாள். மாடு பிழைத்தது. மனிதரின் வாக்கு?

வெட்டத் தொடங்கிய பத்தாம் நாள் காலை, பல் துலக்கப் போன முனாப் பின்பக்கத்திலிருந்து கத்தினார். இந்தத் தடவை பூந்தியைக் கூப்பிடவில்லை.

"மஸாஹிரா! ஓடி வா! மஸாஹிரா!"

வாயில் பேஸ்ட் நுரையோடு குந்தியிருந்தார். விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். "ஒன்டு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சி. ஒரு தட்டைக்கு அஞ்சி முள! இங்க பாரு, இதுல ஆறு! ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல்ல மஸாஹிரா!"

"தலமயிர் முளைக்கும் என்டு சென்னேனே."

"சென்னாய்" என்றார் முனாப். "அல்லாஹ்வுக்காக நீ சென்னாய்தான்."

மேல் பாதி கதிருக்கு, கீழ்ப் பாதி பூந்திக்கு என்று அன்றே பேச்சாயிற்று. நோன்பு பிறந்தது. மேல் பாதியில் கதிர் தள்ளியது, விரல் விரலாய், பூனை வால் போல. மங்களேஸ்வரி மிஸ் வந்து பார்த்துவிட்டு, "நான் சொன்னன் எல்லோ" என்று ஒரு தரமும், போகும்போது இன்னொரு தரமும் சொன்னார்.

கதிரில் பால் பிடித்ததும் குருவி வந்தது. சிட்டு வந்தது, கிளி வந்தது, பெயர் தெரியாததெல்லாம் வந்தது. முனாப் தகரத்தைத் தட்டிக்கொண்டு நோன்பு வாயோடு வரம்பில் ஓடினார். "போ! போ! ஒங்க உம்மாட வீட்டுச் சொத்தா?" கூண்டிலிருந்த ஆறும் அவருக்குப் பதில் சொல்வது போலக் கீச்சிட்டன.

ஜீவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "ஏன் நானா, கூட்டுல இருக்கிறதுக்குச் சோறு, வெளிய இருக்கிறதுக்குக் கல்லா? இது எந்த ஊரு நாயம்?"

"சிரிக்கிற நேரத்துல அந்தப் பைய எடுத்துக் கட்டு."

அவனும் கட்டினான். மூன்று பேருமாய் ஒவ்வொரு கதிருக்கும் துணிப்பையோ கடலைக் கடதாசிப்பையோ மாட்டினார்கள். மஸாஹிராவின் பழைய ஷோல்கள் நாலு துண்டாகி ஏறின. ஒழுங்கையால் போனவர்கள், "முனாப் கம்புக்குத் தொப்பி போட்டீக்கி, எப்ப தொழவெக்கிற?" என்று கேட்டார்கள்.

இருபத்திரண்டாம் நோன்பன்று பூந்தி கன்று போட்டது. கிடாரிக் கன்று, நெற்றியில் ஒரே ஒரு புள்ளி. பூந்தி ஒரு உதவியும் இல்லாமல் எழுந்து நின்று கன்றை நக்கியது. முனாப் வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இதுட பேரு கஞ்சி" என்றார். யாராலும் அதை மாற்ற முடியவில்லை.

கதிரை அறுத்துப் பாயில் காயவைத்துத் தடியால் அடித்தார்கள். சுளகில் கொழித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து உரலில் குத்தினாள் மஸாஹிரா. அக்குரணையிலிருந்து வந்த ஷஹ்மா மறு உலக்கை. குருவி தின்றது போக, விதைக்கு எடுத்தது போக, கொத்துப் படியால் அளந்தால் ஒன்பது கொத்து. பள்ளிக் கிடாரத்துக்கு இருபது கொத்தாவது வேண்டும்.

"மிச்சத்துக்கு அரிசி போடுவோம்" என்றாள்.

"முழுசும் கம்பு என்டு சென்னேனே."

"கன்டும் தாயும் நிக்கிது. அதயும் கணக்குல சேருங்க."

முனாப் தொழுவத்தைப் பார்த்தார். "சேத்தாக் கூடத்தான் வருது" என்றார்.

இருபத்தேழாம் நோன்பு. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததுமே பள்ளி முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். ஊறவைத்த கம்பு முதலில் கிடாரத்தில் விழுந்தது. அது வெந்து குழைய நேரம் எடுக்கும். பிறகு அரிசி, வெந்தயம், இஞ்சி, உள்ளி, ரம்பை, கோழி இறைச்சி. கடைசியில் தேங்காய்ப்பால். புகைக்குள் முனாப் கஞ்சி கிண்டும் துடுப்போடு நின்றார், அருகில் யாரையும் விடவில்லை. பின்னேரத்து அஸருக்குப் பிறகு வாளியும் கேனுமாய் வரிசை நின்றது.

நபீல் ஹாஜியார் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தார். "என்ன முனாப், நெறம் ஒரு மாதிரி ஈக்கி? சீமேந்து கொழச்ச போல?"

"நோம்பு தொறந்து குடிச்சிட்டுப் பேசுங்க ஹாஜி."

"பேச வாய் ஈக்குமா?"

"குடிச்சவங்களுக்கு ஈக்கும்."

ஜீவனுக்கும் ஒரு கேன் போனது. மிஸ்ஸுக்கு ஒரு டிபன் கரியர். பொழுது சாயும் மஃரிபுக்கு முன் கிடாரம் காலி. துடுப்பில் ஒட்டியிருந்ததை யாரோ வழித்துக்கொண்டு போனார்கள்.

நோன்பு திறந்து, தொழுது, வீட்டு மேசையில் மூன்று பேரும் உட்காரும்போது முனாபின் போன் ஓயவில்லை. நபீல் ஹாஜியார் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். முனாப் அதைச் சத்தமாக வைத்தார்: "முனாப், வீட்ட எல்லாரும் ரெண்டாம் கோப்ப கேக்குறாங்க. அடுத்த வருசத்துக்கும் ஒன்ட பேரத்தான் எழுதுற. மறுக்க ஏலாது."

ஷஹ்மா கை தட்டினாள். முனாப் அதை இன்னொரு தரம் போட்டுக் கேட்டார். மூன்றாம் தரமும் போட்டார். வெளியே தொழுவத்தில் பூந்தி காய்ந்த கம்பந்தட்டையை நொறுக்கும் சத்தம். இடையில் கஞ்சி என்ற கன்று முட்டி முட்டிக் குடிக்கிற சத்தம்.

"ஒங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று மஸாஹிரா எழும்பினாள். வீட்டுக்கென்று எடுத்து வைத்த சட்டியிலிருந்து ஒரு அகப்பை அள்ளி, அவருடைய கோப்பைக்கு மேலே பிடித்தாள்.

முனாப் கோப்பையை நீட்டவில்லை. கதிரையில் சாய்ந்து, அகப்பையின் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். காம்பின் நுனி கொஞ்சம் பிளந்திருந்தது. பிளவுக்குள் ஒரு நூலளவு கயிற்று நார் இன்னும் சிக்கியிருந்தது. அவருடைய தாடிக்குள் சிரிப்பு மெல்ல மெல்ல ஏறியது.

"அன்டைக்கி ஜும்ஆ முடிஞ்சி வந்து, தொழுவத்துல கெடந்து எடுத்து ஆணியில மாட்டினேனே, அந்த அகப்பதானே மஸாஹிரா இது?"